பத்தியமும் விரதமும்



கடந்த கார்த்திகை நந்தீசுவர நாட்களில் ஒரு சதுர்த்தசி. ஜினாலயத்தில் பூசை நிறைவுற்றபின் தவம் என்னும் பொருள் பற்றி யாம் சிறிது நேரம் பேசி அமர்ந்தோம். கூட்டம் கலைந்த பின்னரும் தூணோரம் ஓர் அம்மையார் நின்றுகொண்டிருந்தார். அகவை அறுபதைக் கடந்தவர். அட்டமி, சதுர்த்தசி தவறாத குடும்பத்தைச் சேர்ந்தவர். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தையும், வெள்ளி போல் மின்னும் உறிஞ்சுகுழல் ஒன்றையும் எடுத்து எம்முன் வைத்தார்.

"ஐயா, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பினான். காலையில் இதை வெந்நீரில் போட்டுக் குடித்துவிட்டுப் பகல் 12 மணி வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு இளைக்குமாம். அவன் இளைத்துவிட்டான். இது நம் விரதந்தானே அம்மா, நீங்களும் இருங்கள் என்கிறான். இருபது நாட்களாக இருக்கிறேன். உபவாசக் கணக்கில் இது சேருமா?"

யாம் விடை கூறுமுன் அவரே தொடர்ந்தார். முந்தின நாள் கோயிற் படியில் கண் இருண்டு வந்ததாம். பக்கத்தில் நின்ற பெண் பிடித்துக்கொண்டாளாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டா என்று வினவினோம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றார். மருத்துவரிடம் இதனைத் தெரிவித்தீர்களா என்று கேட்டோம். அம்மையார் வியப்புடன் எம்மைப் பார்த்தார்.

"விரதத்தைப் போய் டாக்டரிடம் சொல்வார்களா, ஐயா?"

அந்த ஒரு வினாவே இதனை எழுதத் தூண்டிற்று. அவ்வம்மையார் மேற்கொண்டது ஒரு பத்தியம். அதற்கு விரதம் என்று பெயர் வைத்துவிட்டமையால், பத்தியத்துக்குரிய காப்பு அவருக்குக் கிட்டவில்லை. விரதத்துக்குரிய பயனும் கிட்டவில்லை. பெயர் மாறியதனால் வந்த கேடு இது. நம் இல்லங்களில் இன்று இளைஞர் பலர் இம்முறையைக் கைக்கொள்கின்றனர் என்று அறிகின்றோம். ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முதலில் அந்த இலை. அதன் பெயர் யெர்பா மாத்தே. தென் அமெரிக்காவில் பராகுவே, அர்ஜென்டினாவின் வடகிழக்கு, பிரேசிலின் தெற்கு ஆகிய பகுதிகளில் வளரும் பசுமை மாறாத மரம் ஒன்றின் இலை. அம்மண்ணின் ஆதிக்குடிகளாகிய குவரானி மக்கள் ஐரோப்பியர் வருமுன்னரே இதனைப் பயன்படுத்தினர். 17ஆம் நூற்றாண்டில் ஏசு சபைப் பாதிரிமார் இம்மரத்தைத் தோட்டப்பயிராக்கினர். பறித்த இலையை உடனே தீயில் வாட்டி, உலர்த்தி, இடித்து, பல மாதங்கள் வைத்திருந்து விற்பனைக்கு அனுப்புவர். சுரைக்குடுவையில் இலைத்தூளைப் பாதிக்குமேல் நிரப்பி, வெந்நீர் வார்த்து, அடியில் சல்லடை அமைந்த உலோகக் குழலால் உறிஞ்சுவது வழக்கம். மாத்தே என்ற சொல்லே அக்குடுவையைக் குறிக்கும் கெச்சுவா மொழிச் சொல்லினின்றும் வந்தது. வெப்பம் மிக்க பராகுவேயில் குளிர்ந்த நீர் வார்த்துத் தெரெரே என்று அருந்துவர். மூலிகைகளோடு கூடிய அவ்வழக்கத்தை 2020இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாடுகளில் இது கூடி அருந்தும் பானம். ஒரே குடுவை கைக்குக் கை செல்லும். ஒருவர் நீர் வார்த்துத் தருவார். வாங்கியவர் அடிவரை உறிஞ்சித் திருப்பித் தருவார். போதும் என்னும்போது நன்றி என்பார். விருந்தினரை வரவேற்கும் முறையது. பசியை அடக்கும் மருந்தென்றும் இளைக்க வைக்கும் இலையென்றும் பொட்டலத்தில் அச்சிட்டு விற்பது பிற்காலத்து வணிகம். வெறும் வயிற்றில் ஒருவர் தனியே அமர்ந்து எடைக்கருவியைப் பார்த்துக்கொண்டு அருந்துவதற்கென அக்குடுவை பிறக்கவில்லை.

இலையின் ஆற்றல் யாது? காபியில் உள்ள அதே காஃபீன் இதிலும் உண்டு. கோக்கோவில் உள்ள தியோபுரோமின் என்பதும் உண்டு. காஃபீன் சிறிது நேரம் பசியை மந்தப்படுத்தும், சோர்வை மறைக்கும். உடல் எடையைப் பொறுத்தவரை ஆய்வுகள் சிலவே உள்ளன. 2001இல் டென்மார்க்கு நாட்டில் 47 பேரைக் கொண்டு 45 நாட்கள் செய்த சோதனையொன்று பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றது. அதில் மருந்துண்டோர் 5 கிலோ அளவு இளைத்தனர். ஆயின் அவர்கள் உண்டது மாத்தே மட்டுமன்று. குவரானா, தாமியானா என்னும் வேறிரண்டு மூலிகைகளும் கலந்த மாத்திரை. எதனால் இளைத்தனர் என்று யார் பிரித்துக் கூறுவர்? 2015இல் கொரிய நாட்டில் மாத்தேயை மட்டும் 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்தபோது உடற்கொழுப்பு சிறிதளவே குறைந்தது. விளம்பரங்கள் முதலாவதைக் கூறும், இரண்டாவதைக் கூறா.

இனி அந்த உண்ணாமை. இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் என்றும் இடைவெளி விரதம் என்றும் இதனை வழங்குகின்றனர். ஒரு நாளில் 16 மணி நேரம் உண்ணாமலிருந்து எஞ்சிய 8 மணி நேரத்துக்குள் உண்பது ஒருவகை. வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல் உண்டு, இரண்டு நாள் மிகக் குறைத்து உண்பது மற்றொரு வகை. 2012இல் மைக்கேல் மோஸ்லி என்பவரின் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சியால் இது பரவியது. 2016இல் ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, உண்ணாநோன்புக்கே நோபல் பரிசு கிடைத்துவிட்டது என்று நம்மவரும் மகிழ்ந்து பேசினர். அவருக்குப் பரிசு கிடைத்தது, உயிரணு தன் பழுதுற்ற பகுதிகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்கொள்ளும் முறையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் கண்டறிந்தமைக்காக. நம் ஏகபுக்தியை அவர் ஆராயவில்லை.

இளைக்க வைக்குமா என்றால், வைக்கும். உண்ணும் அளவு குறைந்தால் எம்முறையும் இளைக்க வைக்கும். 2020இல் சான் பிரான்சிஸ்கோ அறிஞர்கள் 116 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் உண்டவர்கள் 12 வாரங்களில் இழந்தது ஒரு கிலோவுக்கும் குறைவே. மூன்று வேளை உண்டவர்களுக்கும் அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. 2022இல் சீனத்தின் குவாங்சௌ நகரில் 139 பேர் ஓராண்டு உணவைக் குறைத்து உண்டனர். அவருள் ஒரு சாரார் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் உண்டனர். அவர்கள் சராசரி 8 கிலோ இளைத்தனர். நேரக் கட்டுப்பாடின்றி அளவை மட்டும் குறைத்தோர் 6.3 கிலோ இளைத்தனர். இவ்வேறுபாடு கணிப்பியல் முறைப்படி பொருட்படுத்தத் தக்கதன்று என்று ஆய்வாளரே கூறிவிட்டனர். ஆக, கடிகாரத்துக்குத் தனிமந்திரம் ஒன்றுமில்லை. சிலருக்கு நேரத்தை எண்ணுவது கவளத்தை எண்ணுவதினும் எளிது, அவ்வளவே.

உடல் பருத்து மூட்டு நோவும் சர்க்கரையும் வருத்துங்கால் இளைக்க முயல்வது குற்றமா? அன்று. உடலைப் பேணாதவன் தவத்தையும் பேண மாட்டான். நல்ல மருத்துவரைக் கேட்டு ஒருவர் இம்முறையைக் கைக்கொண்டால் யாம் குறை கூறோம். மகன் இளைத்தமைக்கும் எமக்கு மகிழ்ச்சியே. எம் கவலை, 'நம் விரதந்தானே அம்மா' என்னும் அந்தச் சொற்களைப் பற்றியது.

விரதமாகுமா என்று பார்ப்போம். உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் புறத்தவம் ஆறு என வகுத்தார். அவற்றுள் முதலாவது அனசனம், உண்ணாமை. இரண்டாவது அவமௌதரியம், வயிறு நிறைய உண்ணாமை. நான்காவது இரசபரித்தியாகம், சுவைகளைத் துறத்தல். உண்ணாமை ஒன்றே போதுமெனில் மற்றவற்றைக் கூற வேண்டிய தேவையில்லை. வயிற்றை வெறுமையாக வைத்திருப்பதோடு அரைவயிற்றில் எழுந்திருக்கவும், நெய்யையும் பாலையும் இனிப்பையும் விட்டுப் பார்க்கவும் பழக வேண்டும் என்பதே அவ்வடைவின் கருத்து.

உபவாசம் என்னும் சொல்லுக்குப் பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் தரும் விளக்கம் நினைவிற் கொள்ளத்தக்கது. ஐம்பொறிகளும் தத்தம் புலன்கள்பால் கொண்ட வேட்கையினின்று மீண்டு வந்து உள்ளே தங்குவது உபவாசம் என்பது அதன் கருத்து. அந்நாளில் விலக்க வேண்டிய உணவு நான்கு வகை. தமிழில் உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என்போம். நான்கையும் விடுவது உத்தமம். காய்ச்சி ஆறிய நீர் மட்டும் கொள்வது மத்திமம். ஒருவேளை உண்பது சகன்னியம் என்று மூன்று படி வைத்து, அவரவர் ஆற்றலுக்கேற்ப இடம் தந்தனர் நம் முன்னோர். இலையை ஊறவைத்த கசப்புநீர் பருகுவனவற்றுள் அடங்கும். அதனை வெந்நீர் என்று சொல்லி மத்திமத்துள் நுழைக்க முடியாது. ஆக, கணக்கில் சேராது. அம்மையாரின் வினாவுக்கு நேர்விடை இதுவே.

ஆயின் யாம் இங்கே நிறுத்துவதற்கில்லை. நீரா, இலைநீரா என்னும் வழக்கைவிடப் பெரியது ஒன்று உண்டு. பசியை என்ன செய்கின்றோம் என்பதே அது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு செய்தியைக் கூறுவோம். சமணராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. போரில் ஓர் உயிரையும் கொல்ல மாட்டோம் என்று மனச்சான்றின்படி ஆயுதமேந்த மறுத்த இளைஞர்கள் அங்கே இருந்தனர். அவர்களுள் 36 பேர், போரால் பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களை எவ்வாறு உணவூட்டி மீட்பது என்பதை அறியும்பொருட்டுத் தாமே பட்டினி கிடக்க முன்வந்தனர். 1944 நவம்பரில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கின் அடியிலிருந்த அறைகளில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் சோதனையைத் தொடங்கினார். 1945 பிப்ரவரி முதல் 24 வாரங்கள் அவர்களுக்கு அரைகுறை உணவு. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மாக்கரோனி என்று போர்க்கால ஐரோப்பாவில் கிடைத்தவையே கொடுக்கப்பட்டன. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். கொல்லாமைக்காகத் தம் உடலை ஈந்தவர்கள் அவர்கள். சமயத்தால் நம்மவர் அல்லர் எனினும் கைகூப்பத் தக்கவர்கள்.

அவர்களுக்கு நேர்ந்ததைக் கீஸும் உடனிருந்தோரும் எழுதிவைத்தனர். 1950இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. அவ்விளைஞர்கள் சமையற் புத்தகங்களைச் சேர்த்துப் படித்தனர். தட்டை நக்கினர். வயிற்றை ஏமாற்ற நீரும் தேநீரும் காபியும் மேலும் மேலும் குடித்தனர். காபி அளவு மீறிப்போகவே நாளொன்றுக்கு 9 கோப்பைக்கு மேல் கூடாது என்று விதிக்க வேண்டியதாயிற்று. ஒருவர் நாளொன்றுக்கு 40 பொட்டலம் வரை சூயிங்கம் மென்றார். வயிற்றை ஏமாற்றலாம், உள்ளம் நாள் முழுதும் உணவையே தின்றுகொண்டிருந்தது. அவர்களைக் குறை கூற இதனைச் சொல்லவில்லை. அது பல மாதக் கொடும்பட்டினி. யாராயினும் அவ்வாறே செய்திருப்பர். பசியைப் பானத்தால் மூடுவது புதிய கண்டுபிடிப்பன்று, மூடிய பசி அடங்கிவிடுவதுமன்று என்பதற்காகவே சொன்னோம்.

நம் நெறியில் பசி பகையன்று. பரீஷகங்கள் இருபத்திரண்டு என்று கணக்கிட்ட ஆசாரியர் பசியை முதலிலும் தாகத்தை இரண்டாவதிலும் வைத்தார். பரீஷகம் என்பது எதிர்நின்று பொறுக்க வேண்டியது. பசி எழும், சினம் எழும், 'இன்னும் எத்தனை நேரம்' என்று மனம் கதவைத் தட்டும். தட்டுவது யார் என்று பார்ப்பதற்காகவே அந்நாளை ஒதுக்கி வைத்தனர். மயக்க மருந்து கொடுத்துப் பசியை உறங்க வைத்துவிட்டால், அன்று பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது?

சல்லியமற்றவனே விரதி என்று சூத்திரம் கூறும். சல்லியம் என்பது முள். மாயா, மித்தியா, நிதானம் என முள் மூன்று. நிதானம் என்றவுடன் நம் பேச்சுவழக்கில் பொறுமை என்று கொண்டுவிடுகின்றோம். ஆகமத்தில் அது தவத்தை விலையாகக் கொடுத்து உலகப் பயனை வாங்க நினைப்பது. அடுத்த பிறவியில் அரசனாக வேண்டும் என்று தவம் செய்தவர்களின் கதைகளைப் புராணங்களில் கேட்டிருக்கின்றோம். இடை சிறுக்க வேண்டும் என்று சதுர்த்தசி இருப்பதும் அதன் சிறிய வடிவமே. பசியை மறைத்துவிட்டுப் பசியோடிருந்ததாகக் கணக்கெழுதுவது மாயா. ஒரு குடுவையில் இரண்டு முள்!

இவ்வாறு எழுதுங்கால் எம் கை சற்றே தயங்குகின்றது. ஏனெனில் யாமும் அம்முள்ளோடு நெடுங்காலம் நடந்தவர்களே. எம் இளமையில் அட்டமி தோறும் உபவாசம் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டு, விடியற்காலையில் பாலும் சர்க்கரையும் சேர்க்காத காபி ஒரு குவளை அருந்தி வந்தோம். வெந்நீர்தானே, கொஞ்சம் நிறம் மாறியிருக்கின்றது என்று எமக்கு யாமே சமாதானம் கூறிக்கொண்டோம். ஒருமுறை வெளியூர்ப் பயணத்தில் அக்குவளை கிடைக்கவில்லை. நண்பகலுக்குள் நெற்றிப்பொட்டில் தாங்கவொண்ணா வலி; உடன்வந்த சிறுவனிடம் காரணமின்றிச் சீறி விழுந்தோம். பசியின் கடுமை என்று அனைவரும் இரக்கப்பட்டனர். அஃது பசியன்று என்பது எமக்கு மட்டும் தெரியும். நாள்தோறும் காபி அருந்தியவர் அதனை நிறுத்தினால் ஓரிரு நாளுக்குள் அத்தகைய தலைவலி வருவது காஃபீனின் இயல்பு என்று பின்னர் ஒரு மருத்துவ அன்பர் விளக்கினார். உணவை விட்டதாக எண்ணியிருந்தோம். உணவினும் இறுகப் பிடித்திருந்த ஒன்றை விடவேயில்லை. அன்று முதல் உபவாச நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்தே காபியைப் படிப்படியாகக் குறைப்பதை வழக்கமாகக் கொண்டோம். அவ்வாறிருக்க, அர்ஜென்டினாக் குடுவையைக் கண்டு தமிழ்நாட்டுக் குவளை நகைப்பது எவ்வாறு?

நம் பாரணைகளையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். முன்னிரவே மறுநாளுக்கும் சேர்த்து உண்டு வைப்பதும், பாரணையன்று நெய் ஒழுக இனிப்பு வகைகள் அடுக்குவதும், எத்தனை உபவாசம் என்று கைப்பேசியில் படம் போடுவதும் நம் ஊர்களில் இல்லாதவையா? இவற்றை விரிக்க வேண்டா. அவரவர் இல்லம் அவரவர்க்குத் தெரியும்.

இரவுண்ணாமை பற்றி ஒரு சொல். இளைஞர் பலர் காலை உணவை விட்டுப் பகல் 12 முதல் இரவு 8 வரை உண்கின்றனர். பதினாறு மணிக் கணக்கு சரியாக வந்துவிடும். நம் முதற்பெரும் ஒழுக்கமோ அடிபட்டுப் போகும். அதே எட்டு மணி நேரத்தைக் காலை 9 முதல் மாலை 5 வரை என்று வைத்துக்கொள்ள எது தடை? 2018இல் அமெரிக்காவில், சர்க்கரை நோயின் வாயிலில் நின்ற 8 ஆடவரைப் பிற்பகல் 3 மணிக்குள் உணவை முடிக்கச் செய்து ஐந்து வாரம் சோதித்தனர். எடை குறையாமலே இன்சுலின் செயற்பாடும் இரத்த அழுத்தமும் சீர்பட்டன. சிறிய ஆய்வு, இதனை வைத்துக்கொண்டு மேடையேறி அறிவியல் நம்மை மெய்ப்பித்துவிட்டது என்று முழங்குவதில் எமக்கு உடன்பாடில்லை. நம் முன்னோர் பகலோன் மறைந்தபின் உண்ணாதது விளக்கொளியில் வந்து விழும் சிற்றுயிர்களின் பொருட்டு. நாளை ஓர் ஆய்வு இரவுணவே நலம் என்று கூறினாலும் அவ்வுயிர்கள் உயிர்களே.

இனி, பத்தியமாகக் கொள்ள விழைவோர்க்கு அறிந்த சிலவற்றைக் கூறிவிடுகின்றோம். இலை மர இலை. விலக்கிய உணவுகளுள் ஒன்றன்று. ஆயின் புட்டியில் வரும் மாத்தே பானங்களில் தேன் கலந்திருக்கக் கூடும். மாத்திரைக் குப்பிகளின் உறை பெரும்பாலும் ஜெலட்டின்; விலங்கின் தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது. பொட்டலத்தைப் படிக்காமல் வாங்கற்க. மிகச் சூடாக அருந்துவதும் தீது. 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எப்பானமாயினும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை விளைக்கக்கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் அறிவித்தது. மாத்தேயைச் சுடச்சுட அருந்தும் தென் அமெரிக்கப் பகுதிகளில் நடந்த ஆய்வுகளும் அம்முடிவுக்கு ஆதாரமாயின. புகையில் உலர்த்திய இலையில் புகையின் நச்சும் சிறிது ஒட்டியிருக்கும். சாப்பாட்டோடு சேர்த்து அருந்தினால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். புலாலுண்ணாத நம் பெண்மக்களுள் இரத்தச்சோகை உடையோர் இதனை மறத்தல் கூடாது. கருவுற்றோர் காஃபீனைக் குறைக்க வேண்டும் என்பது மருத்துவர் அனைவரும் கூறுவது.

யாவற்றினும் முக்கியமானது, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோரைப் பற்றியது. மருந்துகளுள் சில, உணவு உள்ளே வராவிடினும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருளும். வெறும் வயிற்றில் வலுத்த காஃபீனும் நடுக்கமும் படபடப்பும் தரும். இலையின் வேலை என்று நினைத்து அமர்ந்திருந்தால் உயிருக்கே இறுதியாகலாம். பத்தியமாயினும் மெய்யான விரதமாயினும் மருத்துவரிடம் கூறாமல் தொடங்கற்க. விரதத்தைச் சொன்னால் புண்ணியம் குறையும் என்று எந்த ஆகமமும் கூறவில்லை. ஆற்றலுக்கேற்ற படியைத் தேர்ந்துகொள் என்றே கூறிற்று; ஆற்றலை அளக்கத் தெரிந்தவரைக் கேட்பதில் நாணம் என்ன?

அன்று அம்மையாரை உடனே சிறிது வெல்ல நீர் அருந்தச் செய்து, உறவினர் ஒருவருடன் மருத்துவரிடம் அனுப்பினோம். சதுர்த்தசியில் வெல்ல நீரா என்று கண் கலங்கினார். "அம்மா, இன்று உங்கள் விரதம் மருத்துவரிடம் உண்மை சொல்வது" என்றோம். சோதித்ததில் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்ததாம். மருத்துவர் காலை மாத்திரையை மாற்றி, காலை உணவைத் தவறவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இரு வாரம் கழித்து மகன் எம்மோடு தொலைபேசியில் பேசினான். தொடக்கத்தில் அவன் குரலில் சற்றுச் சினம் இருந்தது. அம்மாவை அச்சுறுத்திவிட்டீர்கள், நான் நல்லதற்குத்தானே அனுப்பினேன் என்றான். நல்லதற்கே அனுப்பினாய், தம்பி, அதில் எமக்கு ஐயமில்லை என்றோம். பின் அவன் கேட்டான்: "அப்படியானால் நான் இருப்பது வீண்தானா, ஐயா?" வீணன்று, அது உன் உடலுக்கு நீ செய்யும் பத்தியம், தொடர்ந்து செய். இரவு 8 மணியை மட்டும் மாலைக்கு நகர்த்திப் பார். மாதத்தில் ஒரே ஒரு சதுர்த்தசியில் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நீர் மட்டும் அருந்தி இருந்து பார். அன்று எடைக்கருவியின்மேல் ஏறாதே என்றோம்.

மாசியில் அவனிடமிருந்து மடல் வந்தது. அலுவலகத்தில் ஐந்து மணிக்கு உணவை முடிப்பது எளிதாக இல்லையாம். வாரத்தில் நான்கு நாள் முடிகின்றதாம். சதுர்த்தசியன்று பதினொரு மணிக்கே தலை வலித்ததாம். குடுவையை அறிமுகம் செய்த அர்ஜென்டினா நண்பர் பரிவோடு நீட்டியபோது, தன்னையும் அறியாமல் அவர்மேல் எரிச்சல் பட்டானாம். மாலையில் அவரிடம் சென்று வருத்தம் தெரிவித்தானாம். "ஐயா, நான்கு மாதத்தில் எனக்கு இவ்வளவு கோபம் இருப்பது தெரியவே இல்லை" என்று எழுதியிருந்தான்.

அம்மையார் இப்போது அட்டமி, சதுர்த்தசிகளில் மருத்துவர் வகுத்த வேளைகளில் உப்பும் நெய்யும் விட்ட பயற்றங்கஞ்சி அருந்துகின்றார். கஞ்சி குடித்துக்கொண்டு விரதம் என்பதா என்று முதலில் கூசினார். இரசபரித்தியாகம் என்று அதற்கொரு பெயருண்டு, அம்மா என்றோம். அந்தப் பொட்டலத்தில் பாதி இன்னும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றது. மகன் ஊருக்கு வந்தால் அவனுக்குக் கொடுப்பதற்காம்.